கேளுங்க, சொல்லுதேன்

கல்லூரி திறந்து இரண்டு மாதம் ஆனதும் எனக்கு வரும் கடிதங்களின் முகம் மாறிவிடும். மாமியார் மருமகள் பஞ்சாயத்து குறையும், அசைன்மென்ட் பஞ்சாயத்து கூடும். இந்த முறை இரண்டாவது வகையை மட்டும் எடுத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் முதலாண்டுப் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியே கண்ணாடி போட்டவள் நான். கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

*

அம்மா, நான் பி.ஏ. பொருளியல் முதலாம் ஆண்டு. தமிழ் வழியில் படித்து வந்தவள். 'எங்கள் ஊர்த் தொழில்' என்று கட்டுரை கேட்டார்கள். பீடித் தொழிலை எடுத்துக்கொண்டு முன்னுரை, வரலாறு, பயன்கள், பாதிப்புகள், அரசின் நடவடிக்கைகள், முடிவுரை என்று உட்தலைப்புப் போட்டு ஆறு பக்கம் எழுதினேன். பத்தாம் வகுப்பில் இப்படி எழுதித்தான் நல்ல மார்க் வாங்கினேன். மேடம், 'தகவல் இருக்கு, உன் வாதம் எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலாம் ஆண்டு மாணவி நான் என்ன வாதம் செய்ய முடியும்?
– மாணவி, முக்கூடல்

மகளே, பள்ளிக்கூடத்துக் கட்டுரை உனக்கு என்னென்ன தெரியும் என்று பார்க்கும். கல்லூரிக் கட்டுரை, தெரிந்ததை வைத்துக்கொண்டு நீ என்ன முடிவுக்கு வந்தாய் என்று கேட்கும். உன் உட்தலைப்புகள் முதல் வேலைக்குச் சரி. கட்டுக் கட்டாகத் தாள் திருத்துகிறவருக்கு அவை வசதி. இரண்டாவது வேலைக்கு அவையே இடைஞ்சல்.

'பீடித் தொழிலில் பயன்களும் உண்டு, பாதிப்புகளும் உண்டு.' இந்த வாக்கியத்தை முக்கூடல் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டுச் சொல்லிப் பார். ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள். யாராலும் 'இல்லை' என்று சொல்ல முடியாத வாக்கியம் வாதம் ஆகாது. உன் மேடம் தேடியது, படிக்கிற பத்துப் பேரில் ஒருத்தராவது 'அதெப்படி?' என்று கேட்கக்கூடிய ஒரு வாக்கியத்தை.

அது எங்கே கிடைக்கும்? உங்கள் தெருவிலேயே கிடைக்கும். பீடிக் கடைக் கூலி ஏறும் பாஸ்புக் யார் பேரில் இருக்கிறது? பெரும்பாலும் அம்மா பேரில். இலையை நனைத்து வைப்பது யார், வெட்டுவது யார், சுற்றுவது யார், பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டுப் போடுவது யார்? ஆச்சி வெட்டி, அம்மா சுற்றி, பிள்ளைகள் கட்டிக் கொடுத்த பீடிக்குக் கடையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி போடும்போது, அது பாஸ்புக்காரி ஒருத்தியின் கூலியாக ஏறுகிறது. இதை ஒரு வாக்கியமாக்கு: 'வீட்டில் நடக்கும் பீடி வேலையில் ஒருவர் கூலி என்று பதிவாவது பல வீடுகளில் ஒரு குடும்பத்தின் உழைப்பு. ஆகவே கூலிக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அந்த உழைப்பின் அளவு தெரியாது.' இதற்கு உடனே எதிர்ப்பு வரும். பக்கத்து வீட்டு அக்காவே, 'எங்க வீட்ல நான் மட்டும்தான் சுத்துதேன்' என்பார். வரட்டும். அதனால்தான் 'பல வீடுகளில்' என்று போட்டோம், 'எல்லா வீடுகளிலும்' என்று போடவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் ஒரு மார்க் கூடப் போடுவேன்.

இனி சான்று. உன் தெருவில் சில வீடுகளில் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேள், பதிலை எழுதிக்கொள். பெயரைப் போடாதே. எத்தனை வீடு, எந்த மாதம் என்பதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடு. உன் தெருவை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்லாதே. அடுத்து, 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1966ஆம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை எடுத்து, அது யாரைத் தொழிலாளி என்றது என்று படி. முதலாளியோ காண்ட்ராக்டரோ கொடுக்கும் இலையையும் தூளையும் வாங்கி வீட்டில் சுற்றுகிறவரையும் அது சேர்த்துக்கொண்டது. அப்படியானால் ஒரே வீட்டில் கை கொடுக்கும் மற்றவர்கள்? கட்டுரை அங்கேதான் சூடு பிடிக்கும்.

எதிர்த் தரப்பையும் நீயே எழுத வேண்டும். 'வெளியே வேலைக்கு அனுப்பாத வீட்டுப் பெண்களுக்கு இதுதானே சொந்தக் காசு?' உண்மைதான். அதற்கு ஒரு பத்தி முழுசாகக் கொடு. பிறகு, உன் கேள்வி வேலை நல்லதா கெட்டதா என்பது இல்லை, கணக்கு சரியா என்பது என்று திரும்பி வா.

பீடி இலை மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருவது, 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது, புகையிலையால் வரும் நோய்கள் என்று ஆறு பக்கத்தில் நீ சேர்த்தவை எல்லாம் நல்ல தகவல்கள். உன் வாக்கியத்தைத் தாங்காதவற்றை எடுத்துவிடு. நாலு பக்கம் போய்விடும். போகட்டும்.

உட்தலைப்பை எடுத்ததும் வேறொரு சங்கடம் தெரியும். ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் என்ன சம்பந்தம் என்று அதுவரை தலைப்பு மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது 'ஆனால்', 'அதனால்', 'இருந்தாலும்' என்று நீயே சொல்லியாக வேண்டும். எந்தச் சொல்லும் பொருந்தவில்லை என்றால் இரண்டில் ஒரு பத்தி இடம் தப்பி உட்கார்ந்திருக்கிறது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படி. கதை ஓடினால் கட்டுரை நிற்கும்.

'இன்றைய நவீன உலகில்' என்று மட்டும் தொடங்காதே. அப்படித் தொடங்கும் கட்டுரையை நான் இரண்டாவது பத்தியிலிருந்துதான் படிப்பேன். பாஸ்புக்கிலிருந்து தொடங்கு.

*

10 சதவீதம் வரை காப்பி அடிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே (யு.ஜி.சி.) சொல்லியிருக்கிறதாமே?
– வணிகவியல் மாணவர், பேட்டை

யார் சொன்னது தம்பி, ஜெராக்ஸ் கடைக்காரரா? 2018இல் யு.ஜி.சி. கருத்துத் திருட்டு பற்றி விதிமுறை கொண்டுவந்தது. 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியீடுகளுக்கும் உரியது. அசைன்மென்ட், டேர்ம் பேப்பர், கட்டுரை, விடைத்தாள் இதில் சேராது என்று விளக்கப் பகுதியிலேயே இருக்கிறது. முதலாம் ஆண்டு பி.காம்.காரருக்கு உங்கள் கல்லூரியும் உங்கள் ஆசிரியரும் வைத்ததுதான் சட்டம். அவர் ஒரு வரிக்கே கோபப்படுகிறவராகவும் இருக்கலாம்.

*

வகுப்பில் சார், 1908 திருநெல்வேலி எழுச்சி முழுக்க முழுக்க வ.உ.சி. கைதின் எதிரொலி என்றார். தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தபோது அதற்கும் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றியது. சாரை எதிர்த்து எழுதினால் இன்டர்னலில் கை வைப்பாரா? எழுதுவதே மரியாதைக் குறைவா?
– வரலாறு முதலாம் ஆண்டு, அம்பாசமுத்திரம்

மரியாதையை முதலில் பார்ப்போம். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில், நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தை எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்று ஏழு மதங்களை, அதாவது ஏழு கொள்கைகளைச் சொல்லுகிறார். ஒப்புக்கொள்வது ஒன்று, மறுப்பது ஒன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்று நின்று, பிறகு அதை நீக்குவது. தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இரண்டு பேர் முரண்படும் இடத்தில் ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது என்று பட்டியல் போகிறது. எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்பே மறுப்பதை இலக்கணமாக்கி வைத்த மொழியில் படிக்கிற நீ மரியாதைக் குறைவு என்று பயப்படுவதா? இதை முதல் பருவத்திலேயே கட்டுரை வகுப்பில் நடத்தலாம். நடத்துவதில்லை. மனப்பாடச் செய்யுளாக வைத்து, ஐந்து மார்க் கேள்வி கேட்டு, கதையை முடித்துவிடுகிறோம்.

இப்போது உன் விஷயம். சார் பக்கத்தை, அவரே தலையாட்டுகிற மாதிரி முதலில் எழுது. கைது மார்ச் 12. மறுநாள் 13ஆம் தேதி திருநெல்வேலியில் கடையடைப்பு, நகராட்சி அலுவலகத்துக்கும் அஞ்சலகத்துக்கும் தீ, துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர். இந்த நெருக்கம் சாருக்குச் சாதகம். மறைக்காதே.

அடுத்து உன் பக்கம். கோரல் மில் வேலைநிறுத்தம் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். ஆகவே கைதுக்கு முன்பே ஜனங்கள் கூட்டம் கூடவும் கேட்கவும் பழகியிருந்தார்கள் என்பது உன் வாதம். நல்ல வாதம்தான், ஒரு ஓட்டையும் இருக்கிறது. வேலைநிறுத்தம் நடந்தது தூத்துக்குடியில், தீ எரிந்தது திருநெல்வேலியில். முன்னால் நடந்தது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது. இரண்டு ஊரையும் இணைக்கிற ஆள், கூட்டம், பேச்சு, கடிதம் ஏதாவது ஒன்றை நீ காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால், 'காரணம்' என்று எழுதாமல் 'பின்னணி' என்று எழுது. அதற்கு உன்னிடம் இருப்பது போதும்.

மார்க் விஷயம்: எதிர்த்து எழுதினால் குறைக்கிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'சார் சொன்னது தவறு' என்று தொடங்குகிற பையனுக்கும், 'கைதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்' என்று தொடங்குகிற பையனுக்கும் வித்தியாசம் உண்டு. எழுதும் முன்பு ஸ்டாஃப் ரூமுக்குப் போய், 'சார், இப்படி ஒரு எண்ணம் இருக்கு, எந்தப் புத்தகம் பார்க்கலாம்?' என்று கேள். முக்கால்வாசிப் பேர் குளிர்ந்துபோவார்கள்.

*

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எதற்கு அடிக்குறிப்பு? பொருநை (தாமிரபரணி) நாகரிகம் 3200 வருஷம் பழசு என்று எழுதினேன். 'யார் சொன்னது, எப்போது?' என்று கேள்விக்குறி போட்டிருக்கிறார் பேராசிரியர். ஊருக்கே தெரியுமே!
– மாணவர், ஸ்ரீவைகுண்டம்

ஊருக்குத் தெரிந்ததுதான் மாறிப்போச்சே, தம்பி! 2021 செப்டம்பரில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது என்ன? சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லைச் சோதித்ததில் காலம் கி.மு. 1155 என்று வந்தது. உன் 3200 அங்கே பிறந்தது. 2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை இரும்பின் தொன்மை பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே சிவகளையில் இரும்போடு கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்றது அது. இப்போது உன் கட்டுரையை எடுத்துப் பார். ஆண்டும் ஆதாரமும் இல்லாமல் '3200' என்று எழுதியவன் மாட்டிக்கொண்டான். 'சிவகளை நெல் மாதிரியின் காலக்கணிப்பின்படி, 2021' என்று எழுதியவன் வாக்கியம் இன்றைக்கும் சரி, இன்னும் பத்து வருஷம் கழித்தும் சரி.

அடிக்குறிப்பு எழுதப் போனால் இன்னொன்றும் நடக்கும். 'நாகரிகம் 3200 வருஷம்' என்று வாய் சொன்னதும், தாள் சொன்னது ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் வயது மட்டும் என்பதும் கண்ணில் படும். கரியின் வயதுதான் பக்கத்தில் கிடந்த இரும்பின் வயதா என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்வியே உனக்கு அடுத்த கட்டுரை. தொல்காப்பியரே வரிக்கு வரி 'என்மனார் புலவர்' என்று முன்னோர் மேல் போட்டுவிட்டுத்தான் பேசுகிறார். நீயும் நானும் எம்மாத்திரம்?

*

மகள் அமெரிக்காவில் எஞ்சினியரிங் சேர்ந்திருக்கிறாள். அங்கே முதல் வருஷம் எல்லோரும் கட்டாயம் 'காம்போசிஷன்' என்று ஆங்கிலக் கட்டுரை வகுப்புப் படிக்க வேண்டுமாம். இங்கே ஆங்கிலத்தில் நல்ல மார்க் எடுத்தவள். அங்கே முதல் கட்டுரைக்குச் 'சி' போட்டு, 'உன் கருத்து கடைசிப் பக்கத்தில் வருகிறது, முதல் பத்திக்குக் கொண்டுவா' என்று திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்களாம். போனில் அழுகிறாள். நம்ம பிள்ளைகளை மட்டம் தட்டுகிறார்களா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

இல்லம்மா. அந்த வகுப்பு பிறந்ததே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்றுதான். ஹார்வர்டில் 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை வைத்தார்கள். நல்ல பள்ளிக்கூடங்களில் படித்து வந்த பையன்கள் எழுதியதைப் பார்த்துப் பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1885இல் 'இங்கிலிஷ் ஏ' என்று முதலாண்டுக்கே கட்டாயப் பாடமாக்கினார்கள். மற்ற கல்லூரிகளும் அந்த வழியில் போயின. உங்கள் மகள் உட்கார்ந்திருப்பது அதன் பேத்தி வகுப்பில்.

கருத்தை முதல் பத்தியிலேயே சொல்லச் சொல்வது அந்த ஊர் வழக்கம். நாம் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணி குடித்து, சௌக்கியம் விசாரித்து, கிளம்பும்போது வாசலில் நின்றுதான் வந்த காரியத்தைச் சொல்வோம். அவர்களுக்கு வாசலில் நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் அவளிடம் கருத்து இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள். எழுதி எழுதித்தான் அவள் அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்தப் பக்கத்தை வெட்டி முதலில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

திருப்பி எழுதச் சொன்னது தண்டனையும் இல்லை. அங்கே வரைவு எழுதுவது, கூடப் படிக்கிறவர் படித்துக் குறை சொல்வது, ஆசிரியரைப் பார்த்துப் பேசுவது, மறுபடி எழுதுவது எல்லாம் சேர்ந்ததுதான் பாடம். நம் ஊரில் தாளைக் கொடுத்தால் மார்க்தான் திரும்பி வரும் என்பதால் அவளுக்குத் திடுக்கென்றிருக்கும். பெரும்பாலான கல்லூரிகளில் 'ரைட்டிங் சென்டர்' என்று ஒன்று உண்டு. மாணவர்களுக்குக் காசு இல்லை. வரைவை எடுத்துக்கொண்டு அங்கே போகச் சொல்லுங்கள். அழுகையை நீங்கள் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டுரையை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

*

எனக்கு யோசனை தமிழில்தான் வருகிறது. அசைன்மென்ட் ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். முதலில் தமிழில் எழுதிப் பிறகு மாற்றலாமா?
– பெயர் வேண்டாம், மேலப்பாளையம்

யோசனையைத் தமிழில் போடுங்கள்: உங்கள் கருத்து ஒரு வரி, காரணங்கள் சில வரி, ஒவ்வொன்றுக்கும் சான்று என்ன என்று. முழுக் கட்டுரையையும் தமிழில் எழுதிவிட்டு வரி வரியாக மாற்றாதீர்கள். இரண்டு மொழியும் கெடும், ராத்திரித் தூக்கமும் கெடும். குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். இலக்கணப் பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பிழையோடு இருக்கிற ஒரு கருத்தை நான் திருத்திக் கொடுத்துவிடுவேன். பிழையே இல்லாமல் ஒன்றுமே சொல்லாத கட்டுரையை என்ன செய்ய?

*

என் மகன் கட்டுரை முழுவதையும் சாட்ஜிபிடியில் கேட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறான். மார்க்கும் வருகிறது. 'காலத்துக்கு ஏற்ப மாறுங்க அப்பா' என்கிறான். என்ன பதில் சொல்ல?
– தந்தை, வள்ளியூர்

அண்ணாச்சி, பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, 'இதில் நீ என்ன சொல்லியிருக்கே? அதை எதிர்க்கிறவன் என்ன சொல்வான்?' என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் சொன்னால், கருவியை வைத்தாவது எதையோ படித்திருக்கிறான் என்று விட்டுவிடலாம். முழித்தால் அடுத்ததைக் கேளுங்கள்: அதில் வரும் புத்தகங்களில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் போட்டுத் தருவது அந்தக் கருவிக்குச் சர்வசாதாரணம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு அவனையே அனுப்பி எடுத்து வரச் சொல்லுங்கள். பஸ் காசு கொடுத்து அனுப்புங்கள், பரவாயில்லை.

மார்க் வருகிறது என்கிறீர்களே, அது எனக்கும் வருத்தம்தான். படிக்காமல் மார்க் போடுகிற வாத்தியாரைப் பற்றி அடுத்த இதழில் தனியாகத் திட்டுகிறேன்.

*

கட்டுரை எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?
– களக்காடு வாசகர்

கேட்ட பக்கம். கேட்காவிட்டால், இனி ஒரு வரி எடுத்தாலும் வாதம் சாய்ந்துவிடும் என்கிற பக்கம்.

*

அசைன்மென்ட் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட்டு, முதல் பக்கத்தில் பூ வரையலாமா மேம்? எங்க வகுப்பில் எல்லோரும் வரைகிறார்கள்.
– மாணவி, சேரன்மகாதேவி

வரையலாமே. எழுதி முடித்து, ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, இடறின வரியை எல்லாம் திருத்தி, அதற்குப் பிறகும் ராத்திரி மிச்சம் இருந்தால்.